லாட்ஜ்காரர் ஏரிக்கரையில் தங்கிய விதம்

பழனி அடிவாரத்தில் லாட்ஜ் நடத்தும் குமாரவேல், தன் வாழ்நாளில் வேறு எந்த லாட்ஜிலும் தங்கியதில்லை. மற்றவர்கள் நடத்தும் விதம் தனக்குப் பிடிக்காது என்பார். அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்ததில்லை என்பதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை.

அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது. வாசலில் பையோடு வந்து நிற்பவரிடம் இடம் இல்லை என்று சொல்ல மாட்டார். தைப்பூசத்துக்கு அறைகள் நிரம்பினால் மொட்டை மாடி, அதுவும் நிரம்பினால் மாடிப்படித் திருப்பம், அதற்கும் மேல் ஆள் வந்தால் பின்கட்டில் இருக்கும் அவருடைய வீடு. கல்யாணமாகி வந்த முதல் தைப்பூசத்தில் அவர் மனைவி லீலாவின் சீர் மெத்தையில் காவடி எடுத்து வந்த குடும்பம் ஒன்று உறங்கியது. லீலா அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்தாள். குமாரவேல் வாசல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். அதன் பிறகு வந்த திருவிழாக்களும் அப்படியே கழிந்தன. ஊரில் அவருக்கு ரொம்ப நல்ல பெயர். நல்ல பெயர் எடுத்தவரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று லீலா வெளியே யாரிடமும் சொன்னதில்லை. அவரிடம் மட்டும் அடிக்கடி சொல்வாள்.

இந்த வருடம் பங்குனி உத்திரக் கூட்டம் கலைந்ததும் சொல்லும் விதத்தை மாற்றிக்கொண்டாள்.

"ஏங்க, ஒரே ஒரு ராத்திரி. ஏதாச்சும் ஒரு தண்ணிக் கரையில. நீங்களும் நானும். எவனும் வந்து வெந்நீர் வருதான்னு கேக்கக் கூடாது."

"அதுக்கென்ன, போவோம்."

"போவோம் போவோம்னு சொல்லியே பாப்பா படிச்சு முடிச்சு வேலைக்கும் போயிட்டா. இந்தத் தடவை நீங்க வரலைன்னா நான் மட்டும் போவேன். எப்பத் திரும்பி வாரதுங்கிறதையும் நானே முடிவு பண்ணிக்கிருவேன்."

கடைசி வாக்கியம் குமாரவேலுக்கு நன்றாகவே புரிந்தது. உடனே திட்டம் போட உட்கார்ந்தார். முதலில் அவர் சொன்னது சண்முகநதி. அங்கே தான் வாரா வாரம் துணி அலசப் போவதாக லீலா நினைவூட்டினாள். அடுத்து வரதமாநதி அணை. "அங்கிட்டு இருந்து கூப்புடு தூரத்துல லாட்ஜு. ஏதாச்சும் சோலின்னு வெரசா ஓடியாந்துருவீக. வேணாம்." கொடைக்கானல் ஏரி என்றார். அதைச் சுற்றி இருக்கும் விடுதிக்காரர்களில் பாதிப் பேர் அவருக்குச் சிநேகிதர்கள் என்பது லீலாவுக்குத் தெரியும். பேரிஜம் ஏரியில் இரவு தங்க வனத்துறை அனுமதிப்பதில்லை என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து அந்த ஏரியின் மேல் அவருக்குத் தனிப் பிரியம் உண்டாயிற்று.

கடைசியில் மகள் சண்முகப்பிரியா தலையிட்டாள். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள், லீவு போட்டுவிட்டு வந்து லாட்ஜைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். கூக்கால் ஏரிக்கரையில் அன்னக்கொடி என்ற பெண் தன் பூண்டு நிலத்தில் கூடாரம் போட்டு வாடகைக்கு விடுகிறாள் என்று கண்டுபிடித்தாள். அம்மாவால் தரையில் படுக்க முடியாது என்பதால், படுக்கையும் கழிப்பறையும் வைத்த கேரவன் ஒன்றை டிரைவரோடு ஏற்பாடு செய்தாள்.

குமாரவேல் அன்னக்கொடிக்குப் போன் போட்டார்.

"வெந்நீர் எத்தன மணி வரைக்கும் வரும்மா?"

"அடுப்பு எரியிற வரைக்கும் வரும்ணே."

"செக்-அவுட்டு?"

"நீங்க கெளம்புறப்ப."

இந்த அம்மாள் தொழிலில் முன்னுக்கு வரப்போவதில்லை என்று அவர் முடிவு செய்தார்.

அடிவாரத்தில் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் உட்காரும் வண்டி. அது லாட்ஜ் வாசலில் வந்து நின்றதும் எதிர்க்கடைப் பஞ்சாமிர்தக்காரர் ஓடி வந்து, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

"நாந்தேன்," என்று சொல்லிவிட்டு லீலா ஏறி உட்கார்ந்தாள்.

குமாரவேல் உள்ளே ஏறி மெத்தையைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். பிறகு டிரைவர் சந்தோஷ்குமாரிடம், "தம்பி, நெருக்கிப் படுத்தா எத்தன பேரு படுக்கலாம்?" என்றார். லீலா ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கியவள் பெருமாள்மலை வரும்வரை திரும்பவில்லை.

கூக்காலில் ஏரி அமைதியாகக் கிடந்தது. பார்ப்பதைத் தவிர வேறு வேலை எதையும் அது குமாரவேலுக்கு வைக்கவில்லை. சிறிது நேரம் பார்த்தார். பிறகு அன்னக்கொடியின் அடுப்பில் விறகைச் சரியாகத் தள்ளி வைத்தார். பக்கத்துக் கூடாரத்துப் பையன்களிடம் ஈரத் துண்டை எங்கே காயப்போட வேண்டும் என்று விளக்கினார். லீலா கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் தூறல் பிடித்தது. அப்போது ஒரு கார் வந்து நின்றது. திருப்பூர்க்காரர் ஆனந்த், அவர் மனைவி, கைக்குழந்தை, மாமியார். மறுநாளுக்குப் பதிவு செய்துவிட்டு இன்றைக்கே வந்துவிட்டார்கள்.

"இடம் இல்லைங்க. பூம்பாறைப் பக்கம் கேட்டுப் பாருங்க," என்றாள் அன்னக்கொடி.

மணி கேட்டவருக்கு மணி சொல்வதுபோல் சொன்னாள். அந்த வாக்கியத்தை ஒரு மனுஷியால் இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியும் என்பது குமாரவேலை உலுக்கிவிட்டது. எழுந்தார்.

"ஏங்க," என்றாள் லீலா.

"என்னன்னு மட்டும் கேட்டுட்டு வாரேன்."

கேட்டுவிட்டு நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "வாங்க, வாங்க. உள்ள மெத்தை இருக்கு. வலது பக்கம் சுவிட்சு. காலைல வெள்ளனே வெந்நீர் கெடைக்கும்," என்று சொல்லிக்கொண்டே கேரவன் கதவைத் திறந்துவிட்டார். பிறகுதான் லீலாவின் முகத்தைப் பார்த்தார். "நெருக்கிப் படுத்தா ஆறு பேரு படுக்கலாம்னு டிரைவர் தம்பியே சொன்னாரே," என்றார்.

"நான் நெருக்கிப் படுக்க வரலைங்க."

லீலா தன் பையையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். ஆனந்தின் மனைவி பதறிப்போய், "அக்கா, நாங்க வேற எங்கயாச்சும்..." என்று ஆரம்பித்தாள். "நீ உள்ள போம்மா. பச்சப் புள்ளைக்கு ஊதக்காத்து ஆகாது," என்று அவள் முதுகைத் தடவி ஏற்றிவிட்டாள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அப்படியானால் கோபம் யார் மேல் என்று குமாரவேலுக்குப் புரிந்துவிட்டது.

"இப்ப நமக்கு ஒரு ரூமு போடுங்க," என்றாள் அவரிடம்.

குமாரவேல் தூறலில் நடந்து அன்னக்கொடியிடம் போனார். கையில் பையும் இருந்தது.

"இடம் ஏதாச்சும் இருக்குமாம்மா?"

"இல்லண்ணே."

"என்னம்மா பட்டுன்னு சொல்லிட்ட?"

"இல்லாதத வேற எப்பிடிண்ணே சொல்றது?"

"ஒரு ஓரமா படுத்துக்கிருவோம். காலைல எந்திரிச்சுப் போயிருவோம்."

பல ஊர்க்காரர்கள் பல வருடங்களாக அவரிடம் சொன்ன வாக்கியம் அது. தன் வாயிலிருந்து வரும்போது அது இவ்வளவு பரிதாபமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஓரத்துலயும் கூடாரந்தான் கெடக்கு. இருந்த ரூமையும் நீங்களேதான தூக்கிக் குடுத்தீக?" அன்னக்கொடி அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "பூண்டுக் கொட்டகை ஒண்ணு இருக்கு. உள்ள பூண்டு காயுது, வாடை அடிக்கும். மதினிக்குச் சரின்னா படுங்க. மதினியக் கேட்டுட்டு வாங்க. நீங்களாச் சரின்னு சொல்லிறாதீக."

குமாரவேல் திரும்பி வந்து கேட்டார். படுக்கும் இடத்தைப் பற்றி அவர் லீலாவிடம் முன்கூட்டியே கேட்டது அதுதான் முதல் தடவை.

"அங்கிட்டு இருந்து ஏரி தெரியுமா?"

அவர் மறுபடி போய்க் கேட்டுவிட்டு வந்தார். "கதவத் தெறந்து வச்சாத் தெரியுமாம்."

கொட்டகையில் தலைக்கு மேல் பூண்டுக் கட்டுகள் தொங்கின. கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே நீட்டாமல் வாசலில் உட்கார்ந்தார்கள். ஏரி தெரிந்தது. கேரவனும் தெரிந்தது. கேரவனுக்குள் குழந்தை அழ ஆரம்பித்தது. குமாரவேலின் கைகள் முழங்காலில் ஊன்றின.

"உக்காருங்க," என்றாள் லீலா.

"புள்ளைக்கு வெந்நீர் வேணுமோ என்னமோ."

"அவுகளுக்கும் காலு கை இருக்கு."

அதை நிரூபிப்பதுபோல் ஆனந்த் ஒரு சொம்போடு நேராக அவரிடமே வந்தார். "அண்ணே, வெந்நீர் எங்க கிடைக்குங்க?"

குமாரவேல் அடுப்பு இருக்கும் திசையைப் பார்த்தார். பிறகு லீலாவைப் பார்த்தார். அவள் ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு என்ன தெரியும் தம்பி? நானும் தங்க வந்தவன்தான். அந்த அம்மாட்ட கேளுங்க."

முழுப் பொய். பானை இருக்கும் மூலை, மூடி, அகப்பை எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனந்த் தலையாட்டிவிட்டு அன்னக்கொடியைத் தேடிப் போனார். லீலா கம்பளியில் பாதியை உருவி அவர் பக்கம் தள்ளினாள்.