சேனை வைக்காத நாக்கு

கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர் நின்றார். மாமியார் நின்றார். குறிஞ்சிப்பாடியிலிருந்து என் தம்பி வந்திருந்தான். நான் சுவரோரம் நாற்காலியில் இருந்தேன். உள்ளே டாக்டரம்மாவும் ஒரு சிஸ்டரும். கண்ணாடிப் பெட்டிக்குள் என் மகள்.

சுனாமி வந்து நாலு வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் கடலூர் பக்கத்தில் கடலோரம். ஏழாம் மாதம் தொடங்கியதுமே வலி வந்துவிட்டது. வளைகாப்புக்கு வாங்கிய வளையல் பிரிக்காமல் கிடந்தது. கடலூரில் பிரசவம். பிள்ளை ஒரு கிலோகூட இல்லை. அன்றைக்கே சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் பிறகுதான் போனேன். அதுவரை அவள் முகம் எனக்குத் தெரியாது.

நான் போன அன்றைக்கு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"கொழந்தைக்கு சுகர் ஜாஸ்தியா இருக்கு. முந்நூறு தாண்டிடுச்சி."

மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. அது பெரியவர்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தோம். மாமியார் மெதுவாக என் தம்பி பக்கம் திரும்பினார்.

"ஏம்பா, சேன வச்சிட்டியா?"

பிறந்த பிள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பதைச் சேனை என்போம். எங்கள் வீட்டில் தாய்மாமன் வைக்க வேண்டும். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். சேதி கேட்டதுமே தம்பி சீனியைக் கரைத்து மருந்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டு ஓடி வந்தவன். அது அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.

"அய்யோ அத்த, என்ன உள்ளயே வுடல. எட்டிப் பாத்ததுக்கே சிஸ்டர் வெரட்டுறாங்க."

"பின்ன எப்பிடி ஏறுச்சாம்?"

பாட்டிலை எடுத்துக் காட்டினான். "மூடிகூட தொறக்கல, பாருங்க. எறும்புதான் என்ன மொய்க்குது."

"வுடும்மா" என்றார் என் வீட்டுக்காரர். "மச்சான் வச்சிருந்தா சுகரா ஏறும்? வாய்தான் ஜாஸ்தியாவும்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"யாரும் குடுக்கல. நாங்கதான் குடுக்கறோம். ட்ரிப்ஸ்ல போறதே சர்க்கரைத் தண்ணிதான். அது இல்லன்னா உசுரு நிக்காது. ஆனா இவ்ளோ சீக்கிரம் பொறந்த ஒடம்புக்கு அத எடுத்துக்கத் தெரியல. ரத்தத்துலயே நின்னுடுது."

"நின்னா என்னாம்மா ஆவும்?" என்றார் மாமியார்.

"மூத்திரமாப் போயி ஒடம்பு வத்தும். கிருமி சீக்கிரம் புடிக்கும். கண்ணுக்கும் மூளைக்கும் ஆவாது. நூத்தம்பதுக்குக் கீழ வந்துட்டா நிம்மதி."

ட்ரிப்ஸில் சர்க்கரையைக் குறைத்தார்கள். இன்சுலினும் போட்டார்கள். குறையும். மறுபடி ஏறும்.

பெட்டியில் கை நுழைக்க ஓட்டை இருந்தது. சிஸ்டர் கை போகும். குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். அந்தப் பாதம் என் சுண்டுவிரல் நீளம்தான். குத்தும்போது வாய் திறக்கும், சத்தம் வராது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பேன். வேறு பிள்ளை எங்காவது அழுதால் என் மாரில் பால் வடிந்து சேலை நனையும். என்னுடையது அழவில்லை. அழ அதற்குத் தெம்பில்லை.

ஒருநாள் சிஸ்டர் வந்து என்னிடம் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார்.

"பால் எடுத்துக் குடும்மா. டியூப்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம். வயித்துக்குப் பால் போகப் போகத்தான் ட்ரிப்ஸ கொறைக்க முடியும். மொதல்ல பஞ்சுல தொட்டு வாய்க்குள்ள வைப்போம்."

தம்பி முன்னால் வந்தான். "அத நான் வக்கலாமா சிஸ்டர்? தாய்மாமன்."

"அம்மா மட்டும்தான்."

அவன் வெளியே போய் வேப்பமரத்தடியில் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

"போச்சு" என்றார் மாமியார். "இவ கொணம் வந்தா பொண்ணு வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசாது." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முழங்கை வரை கழுவினேன். பச்சைக் கவுன் மாட்டினார்கள். ஓட்டை வழியாக என் கை போனது. உள்ளே சூடாக இருந்தது. பஞ்சை நாக்கில் வைத்தேன். நாக்கு அசைந்தது. மறுபடி அசைந்தது. கையை எடுக்க மனசில்லை.

பக்கத்தில் நின்று சிஸ்டர் குதிகாலைக் குத்தினார். சொட்டை மெஷினில் வைத்தார். வந்த எண்ணை வாய்விட்டுப் படிக்காமல் மெஷினை என் பக்கம் திருப்பினார். எனக்கு எண் படிக்கத் தெரியும்.

நூற்று நாற்பத்திரண்டு.