நான் போகக் கூடாத இட்லிக்கடை

எழுபதுகளின் நடுவில் தேவாரம் பக்கத்தில் ஒரு ஊரில் நான் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். காக்கிச் சட்டை, சைக்கிள், கேரியரில் கட்டிய பிளீச்சிங் பவுடர் டின். ஊர் எனக்கு வைத்த பெயர் பவுடர் சார். என் முகத்துக்கு நேராக யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். எனக்கு மூக்குமேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த வருடம் காலரா வந்தது. சாவு விழுந்த வீட்டு வாசலில் பவுடர் தூவுவது என் வேலை. சந்தையை மூடினோம், சாப்பாட்டுக் கடைகளை மூடினோம். கட்டட வேலைகள் தாமாகவே நின்றுபோயின. வெளியாள் யாரையும் வீட்டு வாசலில் நிற்கவிடவே ஜனங்கள் பயந்தார்கள். கொத்தனாரை எப்படிக் கூப்பிடுவார்கள்? பாதி எழும்பிய சுவர்கள் அப்படியே நின்றன.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு அக்கா இட்லிக்கடை வைத்திருந்தார். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். இளவயதில் மலைமேல் ஏலத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்பதால் மலையாள வாடையோடு என்னை 'சாரே' என்பார். விடிந்ததும் கொத்தனார்களும் சித்தாள்களும் அவர் கடை முன்னால்தான் கூடுவார்கள். அனுமந்தன்பட்டியிலிருந்துகூட வீடு கட்டுகிறவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, அங்கே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஆட்களைக் கூட்டிப் போவார்கள்.

அந்தக் கடையையும் நான்தான் மூடினேன். "சாரே, ஆட்டின மாவு ஒரு குண்டான் இருக்கே, என்ன செய்ய?" என்று கேட்டார். கொட்டச் சொன்னேன். அவர் தயங்கவும், கோபத்தில் நானே தூக்கிச் சாக்கடையில் கொட்டினேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

நோய் போய், திறக்கலாம் என்று உத்தரவு வந்ததும் முதலில் அவரிடம்தான் ஓடினேன். தண்ணீரைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். பெரிய மனசு பண்ணி அரை டின் பவுடரும் கொடுத்தேன். "தினம் காலையில வாசல்ல தூவுங்க அக்கா. சுத்தமான கடைன்னு பாக்குறவங்களுக்குத் தெரியட்டும்." என் சொல்லை அவர் அப்படியே கேட்டார். ஓரம் விடாமல் தூவினார். வாசல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

ஒரு ஈடு இட்லிகூட விற்கவில்லை. கொத்தனார்கள் எதிர்ப்புறம் பாலத்துச் சுவரில் போய் உட்கார்ந்தார்கள். வீடு கட்டுகிறவர்கள் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இறங்காமலே போனார்கள். கடைக்கும் ஓட்டமில்லை, கொத்தனார்களுக்கும் வேலையில்லை.

"தை பொறக்குறதுக்குள்ள ஓடலேன்னா, கடையப் பூட்டிட்டு மலைக்கு ஏறிற வேண்டியதுதான் சாரே" என்றார் அக்கா. "பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுத்தான். இங்கன யார்ட்ட விடுறது?" பெரியவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, கெட்டிக்காரி. மலைக்கு ஏறினால் படிப்பு அதோடு சரி.

ஊர்மேல் எனக்கு அசாத்தியக் கோபம் வந்தது. மறுநாள் காலை காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போய், கடையின் முன்பெஞ்சில் உட்கார்ந்தேன். சைக்கிளை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். எட்டு இட்லி சாப்பிட்டேன். சுகாதார ஆய்வாளரே சாப்பிடுகிறார், இனி என்ன பயம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஏப்பம் விட்டேன்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு: இட்லிக்கடை அக்காவுக்கே வாந்தி பேதியாம், பவுடர் சார் வந்து உட்கார்ந்திருந்தாராம்.

சாயங்காலம் தலைமைக் கொத்தனார் என் அலுவலகத்துக்கு வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"கோவிச்சுக்கக் கூடாது சார். நீங்க பவுடர் போட்ட வாசல்லயிருந்தெல்லாம் பொணம் எடுத்தாக. இப்ப அக்கா வாசல்லயும் பவுடரு. அது பத்தாதுன்னு நீங்களே வந்து உக்காந்துட்டீக. எவன் சார் சாப்பிடுவான்?"

எனக்கு முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது. "அப்ப நான் என்னய்யா செய்யணும்?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம். கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமே வராதீக. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

"தண்ணிய யாரு பாப்பா?"

"அதெல்லாம் அக்கா உங்களவிட நல்லாப் பாக்கும்" என்று சிரித்தார். கோபப்பட எனக்கு வழியே இல்லாமல் போயிற்று.

அடுத்து நடந்ததெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த கொத்தனார்கள் சுண்ணாம்பு நீற்றி, நீலம் கலந்து கடைக்கு வெள்ளையடித்தார்கள். அடியில் காவிப் பட்டை இழுத்தார்கள். சித்தாள்கள் பவுடரைக் கூட்டித் தள்ளி, வாசலைச் சாணம் தெளித்து மெழுகிக் கோலம் போட்டார்கள். கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டதாம். பிறகு அத்தனை பேரும் வாசலிலேயே வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாலைந்து நாளில் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கினார், பிறகு இரண்டு பேர். நின்றுபோன சுவர்கள் ஒவ்வொன்றாக எழும்ப ஆரம்பித்தன.

நானோ நல்ல பிள்ளையாக வாய்க்கால் கரை வழியே சுற்றிச் சுற்றிப் போனேன். தூரத்தில் கடைக்கூரைமேல் ஆவி எழும்புவது தெரியும். என் மனைவியின் இட்லியில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அந்தக் காரச் சட்னிக்காக ஏங்கினேன் என்பதை மறைக்க மாட்டேன். அக்காவுக்கு என்மேல் வருத்தமோ என்றும் இருந்தது.

தை பிறந்தது. ஒரு நாள் வாய்க்கால் கரையில் ராத்திரி மழையில் வழி சேறாகிவிட, வேறு வழியில்லாமல் கடைத்தெருவுக்குள் திரும்பினேன். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மிதித்தேன்.

"சாரே! ஏன் திருடன் கணக்கா ஓடுறீக? இங்கன வாங்க!"

கடையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. நான் சைக்கிளைவிட்டு இறங்கவில்லை, ஒரு காலை ஊன்றி நின்றேன். "இல்லக்கா, டின் இருக்கு..." என்று இழுத்தேன்.

"இருந்தா என்ன? அங்கன சாத்திட்டு உக்காருங்க."

முன்பெஞ்சைத் தன் முந்தானையால் துடைத்தார். தலைமைக் கொத்தனார் நகர்ந்து இடம் கொடுத்தார். காக்கிச் சட்டையோடு உட்கார்ந்தேன். பள்ளிக்கூடச் சீருடையில் பெரியவள் வந்து எனக்கு இலை போட்டாள். அக்கா அப்போதுதான் இறக்கிய ஈட்டைக் கொண்டுவந்தார்.

"அன்னிக்கு ஒரு குண்டான் மாவக் கொட்டுனீகள்ல? அத்தனையும் இன்னிக்குத் தின்னாத்தான் விடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் முதல் இட்லியைப் பிட்டுக் காரச் சட்னியில் தோய்த்தேன். பஸ் வந்து நின்றது. இறங்கிய ஒருவர் நேராக வந்து என் சைக்கிளில், அந்த டின்மேலேயே கையை ஊன்றிக்கொண்டு, நாலு இட்லி கேட்டார். நான் பயத்தோடு சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் எழுந்து போகவில்லை.