ஒரு கல்லுக்கு ஒரு சொல்

கண்டிச் சுற்றுவட்டாரத்தில் ஞானோபதேசப் பரீட்சையில் முதலாவதாகப் பாஸானவன் நான். பங்குச் சாமியாரே என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சும்மா சொன்னேன். கதவோரம் உட்கார்ந்திருந்ததால் முதலாவதாகக் கூப்பிட்டார், அவ்வளவுதான். முதுகில் தட்டியது நிஜம். எழும்பிப் போ, அடுத்தவன் வரட்டும் என்று தட்டினார்.

அப்போது நான் வத்தேகமப் பக்கத்தில் மாட்டுவண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனில் இறக்குகிற வேலை. பள்ளிக்கூடத்துக்குள் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், விறகு இறக்க. ஒருநாள் கண்டிக்கு லோடு வந்தபோது அம்பிட்டியவில் ஒரு வேதக்கார வீட்டு வாசலில், கத்தோலிக்கக் குடும்பம், மாடு நின்றுவிட்டது. அந்த வீட்டுப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். மாடு குடித்துவிட்டுப் புறப்படத் தயார், நான்தான் நகரவில்லை. வேதத்தில் சேர்ந்தால் பெண் தருகிறோம் என்றார்கள்.

வேதத்தில் சேருகிறவர்களுக்கு ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் வகுப்பு. நடத்தியவர் யாழ்ப்பாணத்து உபதேசியார். மெலிந்த மனிதர், நாக்கு மட்டும் தடிப்பு. முதல் நாள் எங்களைச் சுற்றிப் பார்த்தார், அழுகின கிழங்குச் சாக்கைப் பார்க்கிற மாதிரி.

"உதுகளை வைச்சு நான் என்ன செய்யிறது, ஆண்டவரே" என்றார். அது ஜெபம் அல்ல.

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தோட்டத்தில் தேயிலை கிள்ளுகிற, காது மந்தமான ஒரு கொழுந்துக்காரி, மருமகள் வேதக்காரி என்பதால் தானும் சேர வந்தவள். அரசாங்கக் கச்சேரியில் கணக்கு எழுதுகிற ஒரு கிளாக்கர். புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு எங்கள் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். பிறகு நான். எனக்குப் பக்கத்தில் பாஸ்.

வீடு கட்டுகிற மேசனை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பாஸ் திக்குவாயன். என்னைப் போலவே பெண்ணுக்காக வந்தவன், ஆனால் அவனுக்கு அவகாசம் இல்லை. விபூதிப் புதன் வந்துவிட்டால், ஆறேழு கிழமை தள்ளி வருகிற பாஸ்கா, அதாவது ஈஸ்டர்வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. நாங்கள் அன்றாடம் பூசிக்கொண்டிருந்த விபூதியை இவர்கள் வருஷத்துக்கு ஒருநாள்தான் பூசினார்கள், அந்த ஒருநாளுக்கு இத்தனை அதிகாரம். பெண்ணின் தகப்பன் பாஸ்காவரை பொறுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தெல்தெனியவில் கடை வைத்திருந்த ஒருவர், பெண்டாட்டி செத்தவர், அதே பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆக, பாஸ் பாஸாகவேண்டும், அதுவும் பாஸ்காவுக்கு முன்னால். இதைக் கொட்டிலில் நான் சொல்லாத ஞாயிறு இல்லை. எல்லோரும் சிரிப்பார்கள். பாஸும் சிரிக்கப் பார்ப்பான், அதுவும் அவனுக்குத் திக்கித்தான் வரும்.

முதலில் உபதேசியார் எல்லோருக்கும் ஒரே பாடம்தான் நடத்தினார். அவர் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்ல. கொழுந்துக்காரி ஒரு வரி பின்னால், கிளாக்கர் இரண்டு வரி முன்னால், பாஸ் முதல் எழுத்தில். குளிர்ந்துபோன லாரி உறுமுகிற மாதிரி இருக்கும் அவன் வாய். நான் அவன் முன்னால் குனிந்து, லாரியைக் கிளப்பக் கைப்பிடி போட்டுச் சுற்றுகிற மாதிரிக் கையைச் சுற்றுவேன்.

"பாஸ், இன்னும் ரெண்டு சுத்து சுத்தட்டுமா? இல்லாட்டி எல்லாரும் எறங்கித் தள்ளவா?"

இப்படியே போனால் ஒருவரும் தேறமாட்டோம் என்று உபதேசியாருக்கு விளங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு சட்டைப்பையில் ஒரு தேயிலைக் கொழுந்தோடு வந்தார். அதைக் கொழுந்துக்காரியின் மூக்குக்கு முன்னால் நீட்டி, விரலை ஆட்டி எத்தனை என்று கேட்டார்.

"ரெண்டு எலை, ஒரு மொட்டு" என்றாள்.

"காம்பு எத்தினை?" என்று காதுக்குள் கத்தினார்.

"ஒண்ணு. இதுகூடவா ஒங்களுக்குத் தெரியாது?"

"பிதா, சுதன், இஸ்பிரீத்து சாந்து. மூண்டு. ஆனால் ஒண்டு."

அவள் கொழுந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அட, அம்புட்டுத்தானா!" என்றாள்.

கிளாக்கர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தி, "இது பிழையான உதாரணம்" என்றார்.

"ஓம், பிழைதான். என்ன பிழை எண்டு அடுத்த கிழமை வந்து சொல்லும். சொல்லாட்டில் உம்மடை புத்தகத்தைப் பூட்டி வையும்."

அடுத்த கிழமை கிளாக்கர் கண் சிவந்து வந்தார். தூக்கம் போய்விட்டதாம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

என்னைப் பார்த்து உபதேசியார், "நீர் ஒண்டும் படிக்கவேண்டாம் காணும். உமக்குத் தெரிஞ்சது நக்கல்தானே? சாமியாரா இருந்து மற்றவையிட்டைக் கேள்வி கேளும்" என்றார்.

பங்குச் சாமியார் வெள்ளைக்காரர். ஒவ்வொரு சொல்லையும் மூக்கு வழியாக இழுத்துத்தான் விடுவார். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஆனால் கேள்வி கேட்கவேண்டுமானால் கேள்வி தெரியவேண்டும். தப்பு என்று அதட்டவேண்டுமானால் பதிலும் தெரியவேண்டும். குரங்குக்குப் பாடம் அப்படித்தான் ஏறியது.

மிஞ்சியது பாஸ். கோயில் படிக்கட்டை அவன் திருத்தும்போது தனக்குள் ஏதோ பேசிக்கொண்டே கல் வைப்பதை உபதேசியார் பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சில் ஒரு திக்கலும் இல்லையாம். கொட்டிலுக்குள் செங்கற்களைக் கொண்டுவந்து கொட்டினார்.

"ஒரு கல்லுக்கு ஒரு சொல். கல் இருந்த பிறகுதான் அடுத்த சொல். எங்கை, வையும் பாப்பம்."

பாஸ் கல்லை வைத்தான். மேசன் கரண்டிப் பிடியால் கல்லின் தலையில் ஒரு தட்டு, டொக். "விசுவசிக்கிறேன்" என்றான். முழுச் சொல்லும் அப்படியே வந்து விழுந்தது. அடுத்த கல், டொக், அடுத்த சொல். விசுவாச மந்திரம் முடிந்தபோது கொட்டிலின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் நின்றது. எனக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

உபதேசியார் சுவரைக் குனிந்து பார்த்தார். "கோணல்" என்றார். "இடிச்சுப்போட்டுத் திரும்பக் கட்டும்."

பரீட்சை கோயிலுக்குள் நடந்தது. பின்னால் கடைசி வாங்குப் பலகையில் பாஸ் கேட்ட பெண்ணின் தகப்பனும் தெல்தெனியக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தெல்தெனியக்காரர் மடியில் புதுக் குடை. நான் போனேன், தேயிலைக் கொழுந்தைச் சொன்னேன், முதுகில் தட்டு வாங்கினேன், திரும்பி வந்து வாங்கில் உட்கார்ந்தேன். அடுத்தது பாஸ். உபதேசியார் ஒரு கூடைக் கல்லை இழுத்துக்கொண்டு வந்தார்.

"இது என்ன?" என்றார் சாமியார்.

"சுவாமி, இவர் கல் வைச்சுத்தான் சொல்லுவார். விட்டுப் பாருங்கோ, ஒரு சொல்லும் பிழைக்காது."

"கல்யாணத்திலும் கல் அடுக்குவானா? பெண்ணின் கையைப் பிடிப்பானா, செங்கலைப் பிடிப்பானா?"

கோயிலே சிரித்தது. தெல்தெனியக்காரர் குடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கூடையோடு கரண்டியையும் வெளியே வைக்கச் சொன்னார் சாமியார்.

"இப்போது சொல்."

"வி... வி... வி..."

அவன் கழுத்து நரம்பு புடைத்தது. வலது கை விரிந்து விரிந்து மூடியது, உள்ளே கரண்டி இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்திருந்த வாங்கில் விரல் முட்டியால் தட்டினேன். டொக். அவன் கரண்டி தட்டுகிற அதே அளவில். டொக். அவன் காதில் விழுந்தது, எனக்குத் தெரியும். "விசு..." என்று வந்துவிட்டது.

அப்போதுதான் எங்கள் கிளாக்கர், "பார், பார், லாரிக்குக் கைப்பிடி போடுறான்!" என்றார்.

அவரை எப்படிக் குற்றம் சொல்வது? ஞாயிறு ஞாயிறாக நான் பழக்கிவிட்ட சிரிப்பு. முன்வாங்கிலிருந்து பின்வாங்குவரை ஓடியது. பாஸ் திரும்பி என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"யார் அது, குரங்கு?" என்றார் சாமியார்.

எழும்பி, "சாமி, நான் நக்கலுக்குத் தட்டல" என்று சொல்லப்போனேன். பயத்தில் வாய்க்கு வந்தது அவருடைய குரலிலேயே வந்து தொலைத்தது, மூக்கு வழியாக, இழுத்து. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். காது கேட்காத கொழுந்துக்காரியும் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

என்னை வெளியே விரட்டிய கையாலேயே பாஸையும் காட்டினார் சாமியார். "நீ பாஸ்காவுக்குப் பிறகு வா."

பின்வாங்கில் இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினார்கள். வாசலில் மழை. குடையைத் தகப்பன்தான் விரித்துப் பிடித்தார், மாப்பிள்ளை நனையாமல் இருக்க.

விபூதிப் புதனுக்கு முந்தின கிழமை அந்தக் கல்யாணம் நடந்தது. அதே காலையில், அதே கோயிலில், அதற்கு முன்னால் என்னுடையது. எனக்காகப் பாடின பாட்டுக்காரர்களே அங்கேயும் பாடினார்கள். பாஸ் அன்று கண்டியில் யாரோ ஒரு முதலாளியின் மதில் வேலையில் இருந்தானாம். பாஸ்காவுக்குப் பிறகும் அவன் வரவில்லை. உபதேசியார் அந்தக் கற்களைக் கக்கூசுக்குப் போகிற வழியில் பதித்துவிட்டார், மழைக்காலத்தில் வழுக்காமல் இருக்க.

பல வருஷம் கழித்து ஒருநாள் வத்தேகமச் சந்தையில் பாஸைக் கண்டேன். கருவாட்டுக் கடையில் நின்றான். முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. நேரே போய்ச் சொல்லிவிட்டேன்.

"பாஸ், அன்னைக்கு நான் நக்கலுக்குத் தட்டல. ஒனக்காகத்தான் தட்டுனேன். சத்தியமா."

அவன் பையைக் கீழே வைத்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ... நீ... நீ..."

கருவாட்டுக்காரன் தராசைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்தான். இவன் இப்போது என்ன வேடிக்கை காட்டப்போகிறான் என்று அவன் உதடு முன்கூட்டியே விரிந்திருந்தது. நாலு பேர் நின்றுவிட்டார்கள். மறுபடி எதையும் தட்டிவிடாமல் இருக்க நான் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். பாஸ் நிறுத்தவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடியும் வாயைத் திறந்து...

இதோ, வீட்டுக்காரி முற்றத்திலிருந்து கத்துகிறாள்.

"என்னங்க! மொளகு காயப்போட்டது கண்ணுக்குத் தெரியலையா? மழை வந்துருச்சு, ஓடியாங்க!"

வாறேன்டி, வாறேன்.