சி.ஐ.டி. வாத்தியார்

சங்ககிரியில் வாத்தியார் வேலை கிடைத்தபோது எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ஒரு வாடகை வீடு. மனைவி கைக்குழந்தையோடு ஆத்தூரில் தன் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணியின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. நானோ பள்ளிக்கூடத்து பெஞ்சில் படுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் புதியவனைக் கண்டால் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து என்ன கூட்டம் என்று கேட்பார்கள். கூட்டம் என்றால் குலப்பிரிவு. எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியே கிடையாது. "எங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்று உள்ளதைச் சொன்னேன். கெட்டது காரியம். கூட்டம் இல்லாத மனுஷன் உண்டா? எதையோ மறைக்கிறான்! கதர் கட்டியவர்களை வெள்ளைக்கார அரசாங்கம் தேடித் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம். வாத்தியார் வேஷத்தில் வந்த போலீஸ் ஒற்றன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். கேட்ட இடத்திலெல்லாம் வீடு இல்லை.

வதந்தி இன்னும் எட்டாத ஒருவர் மட்டும், "வெள்ளிக்கெழம பால் காய்ச்சிக்கிங்க சாமி" என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் டென்ட் கொட்டகைக்குப் போனேன். இங்கிலீஷ் படம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று தமிழில் கதை சொன்னார். ஓர் அப்பாவியை ஒற்றன் என்று நினைத்துத் துரத்துகிறார்கள். அவன் இல்லை இல்லை என்று கதறினாலும் நம்புவார் இல்லை. கொட்டகை முழுக்க அவனுக்காக உச்சுக் கொட்டியது. ரீல் மாற்ற விளக்கைப் போட்டார்கள். பார்த்தால் என் பெஞ்சில் நான் மட்டும் இருக்கிறேன். மற்றவர்கள் மணல் தரைக்கு நகர்ந்துவிட்டிருந்தார்கள். படத்தில் இருப்பவனுக்கு அத்தனை இரக்கம், பக்கத்தில் இருப்பவனுக்கு இது! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் போலீஸ் இல்லை, வாத்தியார்!" என்று எழுந்து கத்தினேன்.

"சி.ஐ.டி.ன்னா வேற எப்படிங்க சொல்லுவாரு?" என்றது ஒரு குரல். கொட்டகையே சிரித்தது. எனக்கு வீடு தருவதாகச் சொன்னவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மறுநாள், "ஊடு இல்லீங்க" என்றார்.

விடுவேனா? ஆத்தூருக்குப் போய் மனைவியையும் குழந்தையையும் அழைத்துவந்து அவர் வாசலில் நிறுத்தினேன். "சி.ஐ.டி. குடும்பத்தோடயா வருவான்? நீங்களே சொல்லுங்க" என்றேன். அவர் குழந்தையை வெகுநேரம் பார்த்தார்.

"பாவமுங்க. பச்சக் கொழந்தயக் கூடவா வேசத்துக்குக் கூட்டியாந்தீங்க?"

குழந்தைக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரயிலடிக்குத் திரும்பும் வண்டியில் அந்த ஊரையே வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன். கடைசியில் மனைவி குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. நீங்க நெசமாவே வாத்தியார் வேலதான் பாக்குறீங்களா?"