எழுத்தை மிதிக்காத கட்டைவிரல்

களமருதூர் செவ்வந்தியைப் போல் என்னைக் கோபப்படுத்தியவர்கள் கம்மி. தொண்ணூறுகளில் கள்ளக்குறிச்சியில் நான் பிசியோதெரபி பார்த்துக்கொண்டிருந்தபோது வந்தவர். நடவு நட்டுப் பிழைப்பவர். வாய்க்காலில் கிடந்த பாட்டில் துண்டு உள்ளங்காலைக் கிழித்து, கட்டைவிரலை மடக்கும் தசைநாணை அறுத்துவிட்டது. டாக்டர் தைத்து, புண் ஆறியபின் என்னிடம் அனுப்பினார். விரல் மட்டும் கட்டையாக நின்றது.

"கட்டவெரலு ஊனலன்னா சேத்துல நிக்க முடியாதும்மா. ஐப்பசி நடவுக்குள்ள சரியாவுமா?"

"மடக்குற சதை கெண்டைக்கால்ல இருக்குதுங்க. அதோட நாண் கணுக்காலுக்குப் பின்னால எறங்கி, உள்ளங்கால் வழியா வெரல் நுனிக்குப் போவுது," என்று விளக்கினேன்.

"கெணத்துக் கவுறு மாதிரி. இழுக்கற ஆளு ஒரு எடம், வாளி ஒரு எடம்," என்றார்.

தரையில் செய்தித்தாளை விரித்து, கால்விரல்களால் கசக்கச் சொன்னேன். அவர் குனிந்து அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி, மடித்து மேசைமேல் வைத்தார்.

"எழுத்து மேல கால வெக்க மாட்டங்க."

இத்தனைக்கும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மறுநாள் கோணிச்சாக்கைப் போட்டேன். அதிலும் ஏதோ மில்லின் பெயர் அச்சடித்திருந்தது. நான்கு நாள் இப்படியே போனது. தைத்த நாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டால் அப்புறம் விரல் மடங்காது. பொறுமை போய்க் கத்திவிட்டேன்.

"உங்களுக்கு நடவு வேணுமா, பேப்பர் வேணுமா?"

"கோச்சிக்காதீங்கம்மா. சேறு இருந்தா இன்னா? அதுல மடக்கறேன்," என்றார்.

படித்த எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் அவரே பழைய சட்டியில் வயல் சேறு கொண்டுவந்தார். கூட்டுகிற பெரியம்மாள் துடைப்பத்தோடு நின்று எங்கள் இருவரையும் திட்டித் தீர்த்தார். செவ்வந்தி சிரித்துக்கொண்டே சேற்றில் விரலை ஊன்றி ஊன்றி எடுத்தார். மூன்றாவது வாரம், மற்ற நான்கு விரல்களையும் பிடித்துக்கொண்டு மடக்கச் சொன்னேன். கட்டைவிரல் மெல்ல மடங்கியது. அவர் அழுதார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திட்டிய பெரியம்மாளுக்கே டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் நடவு பார்க்கக் கூப்பிட்டார். வயலில் இறங்கிய இரண்டாம் அடியிலேயே வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்தேன். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். செவ்வந்தி வந்து, விரலை அழுந்த ஊன்றி, என் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் பாரமும் அந்தக் காலில்தான். அது நழுவவில்லை.