றூபனுக்கு இரத்தம் காணாது

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் தில்லையம்பலத்தின் மரக்கறிக் கடையில் நிற்கும் றூபனுக்கு இரத்தம் காணாது, உடம்பில் போதாது என்பது அந்தத் தெருவுக்கே தெரிந்த கதை. ஆளைப் பார்த்தால் அப்படியில்லை. கத்தரிக்காய்ப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி நிலவறைப் படி ஏறுவான். ஆனாலும் முதலாளியின் மனைவி இந்திராதேவி நினைத்தால் நினைத்ததுதான். மத்தியானம் தவறாமல் முருங்கையிலை வறை. போதும் என்று கையை மறித்தால் இன்னொரு கரண்டி கூட விழும்.

உண்மை வேறு. சில வருடங்களுக்கு முன் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து இரத்தம் கொடுக்கப் போனபோது றூபனும் போனான். புறநகர் ஆர்ஜொந்தெய்யில் பஸ் சாரதி கிரிகோரியோடு சோடியாக வாழ்வதை டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னான். ஆணோடு வாழும் ஆணை அந்த நாளில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒருவரோடு ஒழுங்காக இருக்கிறானா, கண்டபடி திரிகிறானா என்ற கேள்வியே கிடையாது. அப்படியும் ஒரு சட்டம் இருந்தது, என்ன சொல்ல! வெளியே வந்தவனிடம் இந்திராதேவி, “என்ன தம்பி, கெதியா வந்திட்டீர்?” என்று கேட்டாள். “ரத்தம் காணாதாம் அக்கா” என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டான். அன்றைக்குப் பிடித்ததுதான் அந்த முருங்கையிலை.

போன வருடம் இந்திராதேவிக்கு வயிற்றில் பெரிய ஆபரேசன். முகம் தெரியாத யாரோ கொடுத்த இரத்தத்தில்தான் எழுந்து வந்தாள். வந்தவள், இனிக் கடையில் நிற்கிற ஒவ்வொருவரும் கொடுக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அக்காவுக்கு உதவின அந்த யாரோவைப்போலத் தானும் ஒருவருக்கு உதவ வேண்டும் என்று றூபனுக்கும் ஆசை. ஆனால் இன்னொரு தரம் கதவு சாத்தினால் தாங்க மாட்டான்.

“சட்டம் மாறிட்டுது. இப்ப எல்லாரிட்டையும் ஒரே கேள்விதான். பயப்பிடாமல் போ” என்று கிரிகோரிதான் தள்ளிவிட்டான்.

ஸ்டேஷனுக்குப் பக்கத்து மண்டபத்தில் இரத்தம் எடுத்தார்கள். தில்லையம்பலம் நெற்றி நிறையத் திருநீற்றோடு முன்னுக்கு நின்றார்.

“தம்பி, உம்மட்டை எடுக்க மாட்டினம். கவலைப்படாதையும். உம்மடை பங்கையும் சேர்த்து நான் குடுக்கிறன்.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டாக்டரின் அறைக்குள் போனவர், போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

“என்னப்பா, ஊசியைக் கண்டு பயந்திட்டீங்களோ?” என்றாள் இந்திராதேவி.

“ஊசியாலைதான் வினை! கோயில் தேருக்கு முதுகிலை செடில் முள்ளுக் குத்திக் காவடி எடுத்தனானெல்லே? தோலிலை குத்தினால் சில மாதம் பொறுக்க வேணுமாம். அது முருகனுக்குக் குத்தினது, நான் மச்சம் மாமிசம் தொடாதவன் எண்டு சொல்லிப் பாத்தன். ‘நீங்கள் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு நான் கேக்கேல்லை முசியே, அண்மையிலை என்ன செய்தனீங்கள் எண்டுதான் கேக்கிறன்’ எண்டுறா அந்தப் பிள்ளை!”

மண்டபத்தில் நின்ற தமிழ்ச் சனம் முழுக்கச் சிரித்தது. றூபன் சிரிக்கவில்லை. அந்த டாக்டர் சொன்னதை மனதுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தான். பிறகு எழுந்து உள்ளே போனான்.

டாக்டர் சின்னப் பெண். அண்மையில் புதிதாக யாரோடாவது சேர்ந்தாரா, ஒருவருக்கு மேல் உண்டா, போதை ஊசி ஏதும் உண்டா என்று, ஊர்ச் சனம் எல்லோரிடமும் கேட்பதுபோலவே கேட்டாள்.

“எனக்குக் கிரிகோரி மட்டும்தான். கன வருசமா.”

“அவருக்கு?”

“அவருக்கும் நான்தான். பஸ் ஓடிப்போட்டு வந்தால் அவருக்குக் குறட்டை விடத்தான் நேரம்.”

அவள் சிரித்துவிட்டு, விரலில் ஒரு துளி எடுத்துச் சோதித்தாள். இரத்தம் நல்ல செழிப்பு என்றாள். பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். றூபன் படுத்துக்கொண்டு, பை மெல்ல மெல்லச் சிவந்து நிறைவதைக் கண் எடுக்காமல் பார்த்தான்.

கையில் கட்டோடு வெளியே வந்தவனைக் கண்டதும் இந்திராதேவி எழும்பிவிட்டாள்.

“பாத்தீங்களே! என்ரை முருங்கையிலை! ஒண்டுமில்லாத உடம்பிலை ரத்தம் ஊற வைச்சிட்டன்!”

றூபன் அவள் பக்கத்தில் போய் இருந்தான். “அக்கா, எனக்கு அப்பவும் ரத்தம் கிடந்தது. கிரிகோரியோடை இருக்கிறன் எண்டதாலைதான் எடுக்கேல்லை. உங்களிட்டைச் சொல்லப் பயந்திட்டன்.”

இந்திராதேவி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“கிரிகோரியைப் பற்றி எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீரோ? ஞாயிறிலை ஆருக்கெண்டு ரெண்டு பார்சல் கட்டித் தாறனான்? அவரையும் அடுத்தமுறை கூட்டிக்கொண்டு வாரும்.”

“அப்ப, முருங்கையிலையை நிப்பாட்டுவமே அக்கா?”

“இப்பதானே ரத்தம் குடுத்திருக்கிறீர்? நாளையிலையிருந்து ரெண்டு கரண்டி!”

மூலையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த தில்லையம்பலம், மேசையில் இருந்த பிஸ்கட்டுக்கு மெல்லக் கை நீட்டினார். மனைவி அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். “அது குடுத்தவைக்கு.”

றூபன் தன் பிஸ்கட்டைப் பாதியாக உடைத்து அவரிடம் நீட்டினான்.

“தின்னுங்கோ அண்ணை. உங்கடை பங்கையும் சேர்த்துத்தான் நான் குடுத்திருக்கிறன்.”