மூன்றாவது பதிலில் திறந்த பூட்டு

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தே செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டப் பழகினேன். இன்று என் பட்டறையில் பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் தெருவில் முதன்முதலில் வெப்சைட் வைத்தவனும் நான்தான். சந்தேகம் இருந்தால் எதிர்ப் பட்டறைக்காரனைக் கேளுங்கள், வயிறெரிந்துகொண்டே ஒத்துக்கொள்வான்.

அந்த வெப்சைட்டின் பெயரை, டொமைன் என்கிறார்களே, அதைப் பதினோரு வருடத்துக்கு முன் நானே ஒரு கம்பெனியில் பதிந்து வைத்தேன். போன மாதம் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. இனிமேல் பெயர்களைப் புதுப்பிக்க மாட்டார்களாம், வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள வேண்டுமாம். பட்டறையின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க என் மருமகள் கையில். அவள் மாற்றப் பார்த்தால், பெயருக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் எடுத்துவிட்டால்தான் நகரும். கெடு முடியப் பன்னிரண்டு நாள். தவறினால் பெயரை எவன் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எவன் எடுப்பான் என்று எனக்குத் தெரியாதா?

மருமகள் ஃபோன் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு பெண் பேசினாள்.

"சார், பூட்டை எடுக்கணும்னா நீங்க அன்னைக்குப் பதிஞ்ச ரகசியக் கேள்விக்குப் பதில் சொல்லணும். உங்களுக்குப் பிடிச்ச ஆசிரியர் யாரு?"

நாலு வருடம் படித்தவனுக்கு எத்தனை ஆசிரியர் இருந்துவிடப் போகிறார்கள்? கணக்கு வாத்தியார் பெயரைச் சொன்னேன். தப்பு. என் காதைத் திருகியே சிவக்க வைத்தவர் பெயரைச் சொன்னேன். அதுவும் தப்பு.

"இன்னும் ஒரு தடவைதான் சார். தப்பாச் சொன்னா முப்பது நாளைக்கு எதுவும் பண்ண முடியாது."

உள்ளங்கை வேர்த்துவிட்டது. நானூற்று நாற்பது வோல்ட் உதைத்தபோதுகூட எனக்கு வேர்த்ததில்லை.

"மாமா, அவசரப்பட்டு வாயைத் திறந்துடாதீங்க" என்று மருமகள் ஃபோனைப் பொத்திக்கொண்டாள்.

சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்த என் மனைவி எங்கள் முகத்தைப் பார்த்தாள். "என்னவாம்?"

"மாமாவுக்குப் பிடிச்ச வாத்தியார் யாருன்னு கேக்குறாங்க அத்தை."

"நல்லா கேட்டாங்க போ! இந்த மனுஷன் தனக்கு ஒருத்தர் கத்துக்குடுத்தாருன்னு என்னைக்கு ஒத்துக்கிட்டிருக்காரு?"

எனக்குப் பொறி தட்டியது. ஃபோனைப் பிடுங்கினேன்.

"நானே!"

"சார்?"

"நானேன்னுதான் எழுதியிருப்பேன். எனக்கு வாத்தியார் நான்தாம்மா."

தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரியா இருக்கு சார்" என்றாள்.

மருமகள் மேசையில் கவிழ்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உங்களுக்கு?" என்றாள் மனைவி.

"எதுக்கு வெக்கப்படணும்? உள்ளதைத்தானே எழுதினேன்."

ஒரு மணி நேரத்தில் பூட்டை எடுத்துவிட்டார்கள், மாற்றுவதற்கான ரகசிய எண்ணும் வந்தது. ஆறாம் நாள் காலையில், நான் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தபோது மருமகள் வந்து, "மாறிடுச்சு மாமா, பேரு நம்மகிட்டயே இருக்கு" என்றாள். நம்பாமல் அவள் ஃபோனிலும் என் ஃபோனிலும் திறந்து காட்டச் சொன்னேன். இரண்டிலும் எங்கள் பட்டறை பளிச்சென்று வந்தது.

"பத்து வருஷத்துக்குச் சேர்த்தே பதிஞ்சுடும்மா" என்றேன். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.